காலி எடை

பிப்ரவரி 27, செவ்வாய்

வாசலில் படி இரண்டே இரண்டு. எங்கள் நாய் பெஞ்சால் இன்று காலை இரண்டாவதில் ஏற முடியவில்லை. முன்கால்கள் மேலே, பின்பக்கம் கீழே, வயிறு படியின் விளிம்பில். அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரித்துவிட்டேன். பிறகுதான் இது வேடிக்கை இல்லை என்று உறைத்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானும் அப்பாவும் அவனை நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

பதின்மூன்று கிலோ இருநூறு. இந்த உருவத்துக்கு ஒன்பதரை இருந்தால் போதுமாம்.

டாக்டரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "இது நாய் இல்லைங்க, தலகாணி" என்றார். லாப்ரடார், பீகிள், பக், அப்புறம் இவனுடைய டாக்ஸ்ஹண்ட் ஜாதி — எல்லாம் தட்டைக் கண்டால் நிறுத்தத் தெரியாதவையாம். "வயிறு நிறைஞ்சது அதுங்களுக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியணும்." மற்றதுகளுக்குக் கொழுப்பு ஏறினால் மூச்சு வாங்கும், மூட்டு தேயும். இவனுக்கு அதோடு முதுகும் போகும். நீள முதுகு, குட்டைக் கால். நடுவில் பாரம் கூடினால் முதுகெலும்புக்கு இடையில் இருக்கும் வட்டு பிதுங்கி, ஒருநாள் பின்கால் இரண்டும் விழுந்துவிடும் என்றார்.

என் கையைப் பிடித்து அவன் விலாவின் மேல் வைத்தார். "எண்ணுங்க பார்ப்போம்." எண்ணுவதற்கு எதுவும் அகப்படவில்லை. "மேலாகத் தடவினா எலும்பு ஒண்ணொண்ணா விரலுக்குத் தட்டுப்படணும். மேலருந்து பார்த்தா இடுப்பு தெரியணும். இவனுக்கு ரெண்டும் இல்ல."

அப்பா வரும் வழியெல்லாம் பெஞ்சின் காதைத் தடவிக்கொண்டே வந்தார். அம்மா இறந்த பிறகு தம்பி கொண்டுவந்து கொடுத்த குட்டி அது. நாலு கால், நீள உடம்பு, இது பெஞ்சு என்று பெயர் வைத்தவரே அப்பாதான். நாலு வருடமாகப் பகலில் அவருக்குப் பேச்சுத்துணை அவன்தான். அவன் கால் போனால் இந்த மனுஷன் என்ன ஆவார்? வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

பிப்ரவரி 28, புதன்

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பேப்பர் ஒட்டினேன். காலை முக்கால் கப், மாலை முக்கால் கப், கண்ணளவு கிடையாது. பசித்தால் வேகவைத்த கேரட், பீன்ஸ். பிஸ்கட் இல்லை. மேசைக்கு அடியில் கை நீளக் கூடாது. நடை பத்து நிமிடம், மூன்று வேளை. சோபாவிலிருந்து குதிக்க விடக்கூடாது.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "எனக்கும் ஒரு பேப்பர் ஒட்டேன்" என்றார்.

"உனக்கு எதுக்கு? நீ வச்சதை ஒழுங்கா சாப்பிட்டா போதும். அவனுக்குன்னு தனியா எதுவும் எடுத்துக் குடுக்காத. சத்தியம் பண்ணு."

"தனியா எதுவும் எடுத்துக் குடுக்க மாட்டேன். போதுமா?"

போதும். மத்தியானமே ஒரு பலகையை அறுத்து, பழைய ரப்பர் மிதியடியை மேலே ஆணியடித்து, வாசல் படிக்குச் சரிவுப்பலகை செய்துவிட்டார். பெஞ்சு அதில் ஏறவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டான்.

மார்ச் 3, ஞாயிறு

வீட்டுத் தராசில் பெஞ்சு அடங்க மாட்டேன் என்கிறான். முன்பாதி ஏறினால் பின்பாதி தரையில். எனக்கோ பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. போன வருடம் வேலையிடத்தில், லாரி எடைமேடை அறைப் படியில் வழுக்கி முதுகில் வாங்கிக்கொண்டது அப்படி. ஆகவே அப்பா.

அப்பா மட்டும்: 68.4. அப்பாவும் பெஞ்சும்: 81.6. கழித்தால் 13.2. டாக்டரம்மாவின் தராசும் நம் தராசும் அச்சாக ஒத்துப்போகின்றன.

பன்னிரண்டு வருடமாக நான் செய்யும் வேலை இதுதான். லாரி காலியாக ஏறும், லோடோடு ஏறும், கழித்தால் சரக்கு. சீட்டில் மூன்று எண் அடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலும் அதே, லாரி மட்டும் அப்பா.

"முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். இப்ப நானே லாரி" என்றார், பெஞ்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நம்பர் பிளேட் போல நேராக நின்று.

மார்ச் 8, வெள்ளி

ஒரு மணிக்கு வழக்கமான போன். "சாப்பாடு ஆச்சாப்பா?" "ஆச்சு." "பெஞ்சுக்கு?" "கேரட்டு." வைத்துவிட்டேன். அவருக்கும் எனக்கும் பகலில் இவ்வளவுதான் பேச்சு, பல வருடமாக.

மார்ச் 10, ஞாயிறு

"வாராவாரம் என்னைத் தனியா ஒரு தடவை, அவனோட ஒரு தடவை ஏத்தி இறக்கணுமா? முட்டி கடகடங்குது. என் எடைதான் எழுதி வச்சிருக்கியே" என்றார். நியாயம்தான். பேப்பரின் தலைப்பில் 68.4 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டுவிட்டேன். இனி ஒரே ஒரு தடவை ஏறினால் போதும்.

81.4. அப்படியென்றால் பெஞ்சு 13.0. இருநூறு கிராம்! கேரட்டுக்கு ஜே.

மார்ச் 26, செவ்வாய்

ஒரு டிரைவர் இன்று சண்டைக்கு வந்தான். "இவ்ளோ லோடா? கண்ணால பார்த்தாலே தெரியுதே, இல்லன்னு." கண்ணு பொய் சொல்லும், மேடை சொல்லாது என்றேன். எத்தனையாவது தடவை சொல்கிறேனோ.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் காலத்தில் களவாணித்தனம் முழுக்கக் காலி எடையில்தானாம். காலி வண்டியை ஏற்றும்போது டேங்க் நிறைய டீசல், சீட்டுக்கு அடியில் கல். லோடு ஏற்றி வரும்போது அதெல்லாம் இருக்காது. "மேடை பொய் சொல்லாதுதான். மேடையில ஏர்றவன் சொல்வானே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. ராத்திரிக்கு வெறும் பால் போதும் என்றார். வயதானால் வயிறு லேசாக இருக்க வேண்டுமாம். இப்போதெல்லாம் தினமும் பால்தான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

80.8. பெஞ்சு 12.4.

சாயங்காலம் பின்பக்கத்தில் சுத்தியல் சத்தம். என்னப்பா என்று அடுப்படியிலிருந்தே கேட்டேன். "பெல்ட் லூசாயிடுச்சு. ஒரு ஓட்டை போடுறேன்" என்றார். கழுத்துப் பட்டையே தளரும் அளவுக்கு இளைத்துவிட்டானா என் செல்லம்! தம்பிக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். இந்த வீட்டில் ஒரு நல்ல சேதி சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று.

ஏப்ரல் 11, வியாழன்

சாயங்காலக் கப்பில் பாதியை பெஞ்சு மிச்சம் வைத்துவிட்டான். பெஞ்சு! தட்டு காலியான பிறகும் தட்டின் படத்தை நக்குகிறவன்! வயிறு சுருங்கிவிட்டது போலிருக்கிறது. டாக்டரம்மா சொன்னார்தான், பழகிக்கொள்ளும் என்று.

ஏப்ரல் 21, ஞாயிறு

80.2. பெஞ்சு 11.8.

நடைக்குப் போடும் மார்ப்பட்டையின் கொக்கி இன்று மாட்டவில்லை. போன வாரம் வெந்நீரில் துவைத்தேன், சுருங்கியிருக்கும். வேறு வாங்க வேண்டும். பார்வைக்கு ஒன்றும் இளைத்த மாதிரி தெரியவில்லைதான். தினம் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். எண் இருக்கும்போது கண் எதற்கு?

தம்பி போன் செய்தான். "அப்பா குரல் ஏங்க்கா ஒரு மாதிரி கரகரன்னு இருக்கு?" "பேசறதுக்கு ஆள் இருந்தாத்தானே குரல் நல்லா இருக்கும். நீ வந்து பேசு" என்றேன். கொஞ்சம் சுருக்கென்றுதான் சொல்லிவிட்டேன். சொன்னால் என்ன, அக்காதானே.

மே 5, ஞாயிறு

79.8. பெஞ்சு 11.4! பத்து வாரத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. பேப்பரில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். கை தட்டினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா?" "ஒண்ணுமில்ல. நீ சிரிச்சு நாளாச்சு" என்றார்.

மே 8, புதன்

எழுதவே கை வரவில்லை.

காலையில் சோபாவிலிருந்து குதித்தான். வீல் என்று ஒரே ஒரு சத்தம். பிறகு பின்கால்கள் குடித்தவன் கால் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எழுந்தான், விழுந்தான், எழுந்தான். அப்பா தரையில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா அவன் பின்கால் விரலைக் கிள்ளிப் பார்த்தார். உணர்ச்சி இருக்கிறது. ஐந்து வாரம் கூண்டுக்குள்ளேயே படுக்கை, மருந்து. தேறலாம், தேறாமலும் போகலாம். பிறகு தராசில் ஏற்றினார்.

பதினான்கு கிலோ தொள்ளாயிரம்.

"தப்பு, மறுபடி போடுங்க" என்றேன். மறுபடியும் அதே. "எங்க வீட்ல பதினொண்ணு நானூறு டாக்டர்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப உங்க வீட்டுத் தராசைத் தூக்கிக் குப்பையில போடுங்க. ரெண்டு மாசமா இவனுக்கு யாரோ நல்லா விருந்து வச்சிருக்காங்க."

யாரோ! வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நான் காலை ஏழுக்குப் போய் நாலுக்குத்தான் வருகிறேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு உறைக்கும். "சத்தியம் பண்ணினியேப்பா! நீ குடுக்காம யார் குடுத்தா, சுவரா குடுத்துச்சு?" என்றேன். "தனியா எதுவும் எடுத்துக் குடுக்கல" என்றார். "பொய்! வாயில்லா ஜீவன், அதுக்கு வேணாம்னு சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? பாசம்னு சொல்லிச் சொல்லியே உன் கையாலயே அதைக் கொன்னுரு" என்றேன். அப்பா கூண்டுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

தராசு எப்படித் தப்பாகும்? அடியில் பேட்டரி மாற்றினேன். அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோ என்றால் ஐந்துதான் காட்டுகிறது.

மே 9, வியாழன்

பதினொன்றரை மணி. மேடையில் ஒரு லோடு வண்டி. டிரைவர் வெயிலில் வந்து ஜன்னலில் தலையை நீட்டினார். "அக்கா, என் வண்டி காலி எடைதான் உங்க சிஸ்டத்துல இருக்கே. அதையே போட்டுருங்க. சும்மா சும்மா எதுக்கு ஏத்தி இறக்குறீங்க?"

வாய் தன் பாட்டுக்குப் பேசியது, பன்னிரண்டு வருடமாகப் பேசுவதை. "அது அன்னைக்கு எடைங்க. வண்டி அதே வண்டிதான், எடை அதே எடை இல்ல. டீசல் குறைஞ்சிருக்கும், ஸ்டெப்னியைக் கழட்டி வச்சிருப்பீங்க. காலி எடை இறங்கிப்போனது தெரியாம பழசையே கழிச்சா லோடு கம்மியாத்தான்—"

"அக்கா? அக்கா?" என்கிறார் அவர்.

எழுபத்தொன்பது எட்டில் பதினான்கு தொள்ளாயிரம் போனால் எவ்வளவு?

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

மேனேஜரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கதவைத் தட்டவில்லை. பக்கவாட்டில் போய் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அப்பா மேசையில் உட்கார்ந்திருந்தார். காலையில் நான் மூடி வைத்துவிட்டுப் போன சோறும் மீனும். ஒரு விரலளவு எடுத்துப் பிசைந்து வாயில் போட்டார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கழுத்தை நீட்டி, கண்ணை இறுக மூடி, நெஞ்சில் கையை வைத்து விழுங்கினார். தண்ணீர் குடித்தார். எல்லாம் திரும்பி வந்தது. துண்டில் துடைத்துக்கொண்டார். மறுபடி ஒரு விரலளவு. மறுபடி அதே. மூன்று தடவை.

கூண்டுக்குள்ளிருந்து பெஞ்சு முனகினான்.

"கூடாதுடா" என்றார் அப்பா. "நேத்தோட நம்ம வியாபாரம் முடிஞ்சுது. உங்க அக்கா திட்டும்."

பிறகு தட்டை எடுத்துச் சோற்றைப் பழைய பேப்பரில் தட்டி, மடித்து, இன்னொரு பேப்பரில் சுற்றினார். தட்டைக் கழுவினார். துடைத்துக் கவிழ்த்தார். போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே போன் செய்தேன்.

"சாப்பாடு ஆச்சாப்பா?"

"ஆச்சு."

பொய்யா அது? சாப்பாடு ஆகித்தான் இருந்தது. யார் சாப்பிட்டது என்று நான் எந்த நாளும் கேட்டதில்லை.

உள்ளே போய்த் தராசைக் கூடத்தின் நடுவில் வைத்தேன். "ஏறுப்பா." "அவன் கூண்டுல இருக்கானே?" "நீ மட்டும்." அவர் என் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், புரிந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

64.9.

அவர் முதுகில் கை வைத்தேன், சட்டைக்கு மேலாகத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விரலுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன.

மே 10, வெள்ளி

ஆஸ்பத்திரி. நாளைக்கும் ஆஸ்பத்திரி.

மே 16, வியாழன்

உணவுக்குழாயில் கட்டி. பாதிக்கு மேல் அடைத்துவிட்டது. அப்பாவின் போன வருடச் சீட்டில் 74 என்று இருந்ததாம். "மூணு நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா வேற மாதிரி பேசியிருக்கலாம்" என்றார் டாக்டர், பேனா மூடியைத் திருகிக்கொண்டே.

மூன்று மாதம் முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை அவரைத் தராசில் ஏற்றியிருக்கிறேன். ஒன்பது தடவையும் அவரை எடை போடவில்லை.

வெளியே பெஞ்சில் — மரப் பெஞ்சில் — உட்கார்ந்திருந்தோம்.

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிங்குவ. உங்க அம்மா நடந்துதானே உள்ள போனா."

"வச்ச சோத்தைக் கொட்டியிருக்கலாமே. அவனுக்கு ஏன் குடுத்த?"

"சோத்தைக் கொட்ட மனசு வருமா? நீ விடியக்காலம் எழுந்து ஆக்கினது." பிறகு சொன்னார், "தனியா எடுத்துக் குடுக்கலம்மா. தட்டை அப்படியேதான் வச்சேன்."

"தராசுல கணக்கு தப்பா வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவன்கிட்ட கேக்குற."

"தெரிஞ்சேவா?"

"அவன் குறையக் குறைய நீ சிரிச்ச. இருக்கட்டும்னு விட்டுட்டேன்." அப்புறம் பழைய குறும்பு ஒரு நிமிடம் வந்தது அவருக்கு. "லோடு எங்கயும் தொலைஞ்சு போகலயே. இந்த வண்டியிலேருந்து எறக்கி அந்த வண்டியில ஏத்துனேன், அவ்ளோதான்."

சிரித்தார். எனக்கு வரவில்லை. சிரித்து முடித்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது. "அவன் முதுகு இப்படி ஆகும்னு நினைக்கல. அவன் கால் வந்துடும்ல?" என்றார். தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மே 17, வெள்ளி

ஃபிரிட்ஜ் கதவில் அந்த 68.4. வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், கெட்டிக்காரி.

ஜூன் 16, ஞாயிறு

வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். இரண்டரை மணிக்கு ஒரு தடவை, இருநூறு மில்லி, மெதுவாக. பெஞ்சுக்கு அளந்த அதே கப். இன்னொன்று வாங்கலாம்தான், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "அவனுக்குக் குறைக்கறதுக்கும் எனக்கு ஏத்தறதுக்கும் ஒரே கப்பா? நல்லா இருக்குடி உன் ஆஸ்பத்திரி."

பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியது ஒட்டினேன். இரண்டு வரிசை. யாரையும் யாரிலிருந்தும் கழிப்பதில்லை. பெஞ்சு டாக்டரம்மாவின் தராசில் 13.1. அப்பா 60.2.

பெஞ்சு கூண்டை விட்டு வெளியே வந்து நாலு நாள் ஆகிறது. பின்பக்கம் கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் நடக்கிறான். சரிவுப்பலகையில் ஏறினான்! முதல் தடவையாக. கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்த அப்பா, "ஃபர்ஸ்ட் கியர்லயே வாடா, அவசரமில்ல" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

பெஞ்சு 11.9. அப்பா 54. ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறும் என்று ஏதோ ஒரு அசட்டுக் கணக்கு எனக்குள் இருந்திருக்கிறது. இரண்டும் இறங்குகின்றன.

தம்பி வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனான். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "நான்தான்க்கா குரல் ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னேன்ல" என்றான். குத்திக்காட்டவில்லை அவன். ஆனாலும் குத்தியது.

ஜூலை 23, செவ்வாய்

பெஞ்சைக் கட்டிலில் விடச் சொன்னார். விட்டேன். அவன் குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு, அவர் இடுப்போரமாக நீளமாகப் படுத்துக்கொண்டான்.

இரண்டு மாதமாகத் தொண்டையில் நின்றதை இன்று சொன்னேன். "அன்னைக்குக் கொன்னுருன்னு சொன்னேன்ல. மன்னிச்சுருப்பா."

"எப்ப சொன்ன?" என்றார்.

"சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் பெஞ்சின் விலாவைத் தடவிக்கொண்டிருந்தார். "இங்க கை வை" என்றார். வைத்தேன். "எண்ணு." லேசாக, கொழுப்புக்கு அடியில், எலும்பு தட்டுப்பட்டது. "தெரியுது பாரு" என்றார், ஏதோ தானே செய்து முடித்த வேலை போல.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் இல்லை. என்னமோ, எனக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை பத்து நாற்பது.

தம்பிக்குப் போன் செய்தேன். "என்னக்கா?" என்றான். "ஆச்சுடா" என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அவர் துணிகளை எடுத்து மடித்தேன். கால்சட்டையில் பெல்ட் இருந்தது. கடையில் போட்ட ஓட்டை ஐந்து. அதற்கு உள்ளே ஆணியால் அடித்த ஓட்டை நாலு, ஒன்றுகூட நேராக இல்லை. ஏப்ரல் ஏழு, சுத்தியல் சத்தம். "பெல்ட் லூசாயிடுச்சு." யாருடையது என்று அவரும் சொல்லவில்லை. நானும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பெஞ்சின் கழுத்துப் பட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் புது ஓட்டை எதுவுமில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

பெஞ்சு கப்பைத் தொடவில்லை. ஒரு மணி ஆனால் மேசையின் அந்தப் பக்கத்து நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். லீவில் இருப்பதால் எனக்குத் தெரிகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

இப்போது அவனை என்னாலேயே தூக்க முடிகிறது. தராசைக் கூடத்தில் வைத்தேன். முதலில் நான் மட்டும் ஏறினேன். பிறகு அவனோடு ஏறினேன். 64.7. கழித்தால் 9.6.

டாக்டரம்மா கேட்ட எடை. நேற்று அவரும் தடவிப் பார்த்து, "இடுப்பெல்லாம் வந்துடுச்சே, எப்படிப் பண்ணீங்க?" என்று சந்தோஷப்பட்டார். என்ன பதில் சொல்வது? வீட்டில் அவனுக்கு விருந்து வைக்க ஆள் இல்லை என்றா?

9.6 எழுதிவிட்டுத்தான் பக்கத்து எண்ணைப் பார்த்தேன். என் காலி எடை. 55.1. போன வருடம் முதுகுக்கு மருந்து வாங்கப் போனபோது அறுபத்தொன்று.

ஒரு மணிக்குத் தம்பி போன் செய்தான். இப்போது அவன்தான் தினமும் செய்கிறான்.

"சாப்பாடு ஆச்சாக்கா?"

"ஆச்சு" என்று வந்துவிட்டது. தட்டு மேசையில் இருந்தது. காலையில் வைத்த மூடி வைத்தபடியே இருந்தது. நாற்காலிக்கு அடியிலிருந்து பெஞ்சு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லடா" என்றேன். "நான் இன்னும் சாப்பிடல."

"அப்ப சாப்பிடு. போனை வைக்காத, நான் இருக்கேன்" என்றான்.

போனை மேசையில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். சோறும் முட்டையும், ஆறிப்போயிருந்தது. பெஞ்சு எழுந்து வந்து என் காலில் மூக்கை வைத்தான். அவனுக்கு ஒரு பருக்கைகூடப் போடவில்லை. முழுவதையும் நானே சாப்பிட்டேன்.